மேசை ஆடியபோது

செப்டம்பர் 11, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வெளியே தூறல், குடை விரித்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், விரிக்காவிட்டால் சட்டை நனையும், அந்த மாதிரித் தூறல். அரங்கத்துக்குள் குளிர்சாதனத்தை யாரோ முழுக்கத் திருகிவிட்டிருந்தார்கள். நான் முன்யோசனையாக ஸ்வெட்டர் கொண்டுபோயிருந்தேன். சீருடைக்கு மேல் எதுவும் போடக் கூடாது என்று அன்று காலைதான் சொன்னார்கள். ஸ்வெட்டர் நாற்காலிக்கு அடியில் கிடந்தது, நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூடைப்பந்து அலுவலர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதச் சொன்னார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் மறக்க முடியாத ஆட்டங்களை எழுதுங்கள் சார், பிள்ளைகளுக்கு உதவும் என்றார்கள். நான் உட்கார்ந்த ஆட்டங்கள் ஆயிரத்து நூற்றுச் சொச்சம். எண்ணி வைத்திருக்கிறேன். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், தேவாலயத்தில் மின்விசிறிகளை எண்ணுவேன். ஆனால் மறக்க முடியாதது என்று கேட்டால் அந்த வியாழக்கிழமை ஒன்றுதான். அதை எழுதிவிடுகிறேன்.

ஆசிய, பசிபிக் நாடுகளின் பெண்கள் அணிகள் மோதிய கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப் அது. நம் ஊரில் நடந்தது. அன்றைய ஆட்டத்தில் ஒரு பக்கம் பசிபிக் தீவு நாடு ஒன்று, எதிரே ஆசிய நாடு ஒன்று. பெயர்கள் வேண்டாம். ஜெயிக்கிற அணி அடுத்த முறை முதல் பிரிவில் ஆடும். தோற்கிற அணி இரண்டாம் பிரிவிலேயே கிடக்கும். தீவு அணியில் இருந்தவர்கள் பத்தே பேர். மூன்று விமானம் மாறி வந்தவர்கள். அவர்களுடைய பந்து முழுக்க ஒரு பெண்ணின் கையில்தான் ஓடியது. குட்டையான பெண். எண் ஒன்பது.

பெயரும் தாளில் இருந்தது. ஆனால் நாம் யாரையும் பெயரால் அறிவதில்லை. நமக்கு எல்லோரும் எண்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மேசையில் நாங்கள் ஐந்து பேர். இடது ஓரத்தில் நான், இருபத்துநாலு நொடிக் கடிகாரத்தோடு. எனக்கு அடுத்து ஆட்டக் கடிகாரத்தில் வசந்தி. ஸ்ரீராம்புரத்துப் பெண், வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை, ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நடுவில் கமிஷனர் அம்மையார். எங்கள் மேசையை மேற்பார்வை செய்ய வெளிநாட்டிலிருந்து வந்தவர். எல்லோரிடமும் ஆங்கிலத்தில்தான் பேசுவார், அதுவும் அளந்து. அவருக்கு அந்தப் பக்கம் ஸ்கோர் எழுத லோகேஷ், பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆசிரியர். கடைசியில் அவருக்கு ஓர் உதவியாளர். தீவு அணியின் மாற்று ஆட்டக்காரர் வந்து உட்காருகிற நாற்காலி என் இடது முழங்கைக்குப் பக்கத்தில்.

என் வேலையைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி. பந்தை வைத்திருக்கிற அணி இருபத்துநாலு நொடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்ப அவர்களிடமே வந்தால் பதினாலு நொடி. வளையத்தில் படாவிட்டால் மிச்சம் இருந்ததுதான். பட்டதா இல்லையா என்று கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். மற்றது கையேட்டில் இருக்கிறது.

இரண்டாம் கால் பகுதி, நான்கு நிமிடம் பத்து நொடி மிச்சம். ஒன்பது எறிந்தாள். பந்து வளையத்தின் முன் விளிம்பை லேசாகத் தொட்டு எகிறி எங்கள் மேசைப் பக்கம் உருண்டது. இரண்டு பேர் பாய்ந்தார்கள். விசில். பந்து வெளியே, தீவு அணிக்கு. நடுவர் கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். வளையத்தில் பட்டது, நான் பார்த்தேன். பதினாலு போட்டேன். நடுவர் தலையசைத்தார். எதிரணிப் பயிற்சியாளர் படவே இல்லை என்று கத்தினார். தீவு அணிப் பயிற்சியாளர் பட்டது என்று பதிலுக்குக் கத்தினார். கமிஷனர் என் பக்கம் சாய்ந்து, "நல்ல முடிவு" என்றார். அந்த வாரத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பாராட்டு. எனக்குக் குளிர்கூடக் கொஞ்சம் விட்டது.

அப்போது மேசை ஒரு தடவை ஆடியது. அதுவும் ஞாபகம் இருக்கிறது. மேசைக்கு முன்னால் விளம்பரப் பலகை ஒன்று இருக்கும், யாராவது பாய்ந்து வந்தால் அதில் இடிப்பது சகஜம். ஆடியது, நின்றது. அவ்வளவுதான்.

இடைவேளை பதினைந்து நிமிடம். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடியும் வரை மேசை அலுவலர்கள் வெளியே யாரோடும் பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது. பந்தயக்காரர்கள் இருக்கிற காலம், விதி அவசியமானது. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். போட்டுவிட்டு அந்த வாரம் ஒவ்வொரு ஆட்டத்தின் இடைவேளையிலும் அலுவலர் அறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கழிப்பறைத் தாழ்வாரத்துக்குப் போய் என் மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சர்க்கரை. ஜீவனஹள்ளி வீட்டில் தனியாக இருந்தாள். மாத்திரை போட்டாளா என்று தெரியாவிட்டால் என்னால் பிற்பாதியில் உட்கார முடியாது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. அத விடுங்க. அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"ஒம்பதாம் நம்பருங்க. மண்டைய உங்க டேபிள்ல மோதிக்கிச்சே!"

"அப்படி ஒண்ணும் நடக்கல. நீ எந்தச் சேனலைப் பாத்துட்டு இருக்க?"

"என்னங்க பேசறீங்க? உங்களப் பாக்கத்தானே டிவியப் போட்டேன். எனக்கு பாஸ்கெட் பால் என்னா தெரியும்? அந்தப் பொண்ணு பறந்து வந்து டொக்குனு விழுந்துச்சு. ரெண்டு தடவ மெதுவா ஓட்டிக் காட்டுனான். நான் மாதாவேன்னு கத்திட்டேன். கீழ் வீட்டு ஷகீலா மேல ஓடி வந்துட்டா, எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு."

"எங்க டேபிள்லயா?"

"உங்க முன்னாடிதான்! அஞ்சு பேரும் டேபிளப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பஸ்ல பிரேக் போட்டா கம்பியப் பிடிப்பாங்களே, அப்படி. ஒருத்தராவது குனிஞ்சு பாக்கணுமே? இல்ல. ஷகீலாகூட கேட்டா, உங்க ஊட்டுக்காரருக்குக் கழுத்து பிடிச்சிருக்கான்னு."

நான் போனை வைத்துவிட்டேன். தாழ்வாரத்தில் எட்டு விளக்கு, அதில் ஒன்று எரியவில்லை. அதை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. நடக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் வேறு யாரையாவது பார்த்திருப்பாள். டிவியில் எல்லாம் பெரிதாகத் தெரியும். எனக்கு முன்னால், நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு பெண் தலையை மோதிக்கொண்டு விழுந்தால் எனக்குத் தெரியாதா?

மேசை ஆடியது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போன் வெளியே வரும். சனிக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு என் பெயர் போட்டிருந்தது. அதற்காகப் புதிதாகக் கறுப்புக் கால்சட்டை தைத்து வைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் சர்வதேச இறுதி ஆட்டம். அவர்கள் அணியில் ஆள் இருக்கிறார்கள், பார்த்திருப்பார்கள், அவளே எழுந்து ஆடுகிறாளே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது மூன்றாம் கால் பகுதியில் ஏழு நிமிடம் ஆடினாள். ஒரு கூடை போட்டாள். ஒரு தடவை பந்தைத் தன் ஆளே இல்லாத மூலைக்கு எறிந்தாள். லோகேஷ் கமிஷனருக்குக் கேட்காமல் உதவியாளரிடம், "ஒன்பதுக்கு என்னாச்சு குரு, காலையில இட்லி சாப்பிடல போல" என்றார். பயிற்சியாளர் அவளை வெளியே எடுத்தார்.

நான்காம் கால் பகுதி. இரண்டு நிமிடம் நாற்பது நொடி மிச்சம். தீவு அணி ஐம்பத்தெட்டு, எதிரணி அறுபது. பயிற்சியாளர் ஒன்பதை எழுப்பி முதுகில் தட்டி அனுப்பினார். அவள் வந்து லோகேஷிடம் கை காட்டிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்த தடவை ஆட்டம் நிற்கும்போது லோகேஷ் ஹாரன் அடிப்பார், அவள் உள்ளே போவாள்.

"சார், இது எத்தனையாவது குவார்ட்டர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆட்டக்காரரோடு நாம் பேசுவதில்லை. நான் நாலு விரலைக் காட்டினேன். தலையாட்டினாள். எதிரே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் இருபத்துநாலு போட்டேன்.

"சார், இது எத்தனையாவது குவார்ட்டர்?"

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி நாலு விரல். அவள் மரியாதையாகச் சிரித்தாள். முதல் தடவை கேட்கிறவளைப் போலவே சிரித்தாள். வசந்தி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், இவ ஏன் இப்படிக் கேக்கறா?" என்றாள்.

அப்போது ஒன்பது நிமிர்ந்து எதிரே தொங்குகிற பெரிய பலகையைப் பார்த்தாள். இரண்டு நாட்டின் பெயரும் ஆள் உயர எழுத்தில் எரிந்துகொண்டிருந்தன. குழந்தை கேட்பதுபோலக் கேட்டாள்:

"நாங்கள் யாரோடு ஆடுகிறோம்?"

என் கை விசைப்பலகையில் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்தது ஒரே இருபத்துநாலு நொடிக்குள் நடந்தது. என் கடிகாரம் அப்போது பத்தொன்பது காட்டியது. எந்த நொடியிலும் பந்து வெளியே போகலாம், விசில் அடிக்கலாம், ஹாரன் அடிக்கலாம்.

நான் வசந்தியைத் தாண்டிக் கமிஷனர் பக்கம் சாய்ந்தேன். "மேடம், ஒன்பதுக்குத் தலையில் அடி. யாரோடு ஆடுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அவளை உள்ளே விடாதீர்கள்."

அவர் கண்ணை ஆட்டத்திலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "எப்போது அடி?"

"இரண்டாம் கால் பகுதி. இந்த மேசையில்தான்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

பதினாலு. பதிமூன்று.

பிள்ளைகளே, இங்கேதான் உங்கள் தொழில் முழுவதும் இருக்கிறது. பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்கு முன்னால் நடந்தது, யார் மறுக்கப் போகிறார்கள்? போனும் வெளியே வராது, சனிக்கிழமையும் போகாது. அந்த வார்த்தை என் நாக்கில் வந்து உட்கார்ந்தே விட்டது. ஆனால் முப்பத்தெட்டு வருடம் பார்க்காததைப் பார்த்தேன் என்று மேசையில் சொன்னதில்லை. வளையத்தில் பட்டதா என்று நடுவர் கேட்டுத் தெரியாதபோது தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். வாய் பழக்கத்துக்குப் போனது.

"இல்லை."

"வேறு யார் பார்த்தீர்கள்?" என்று அவர் மேசையைக் கேட்டார். லோகேஷ் உதட்டைப் பிதுக்கினார். உதவியாளர் இல்லையென்று தலையாட்டினார். வசந்தி, "நான் பாக்கல மேடம். ஆனா ரெண்டு தடவ ஒரே கேள்வி கேட்டா" என்றாள்.

"பதற்றமாக இருக்கலாம். நான் யார் சொல்லித் தடுப்பது?"

கடிகாரத்தில் ஒன்பது. எட்டு.

"என் மனைவி பார்த்தாள்" என்றேன். "டிவியில். இடைவேளையில் போனில் சொன்னாள்."

அப்போதுதான் அவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்த வாரத்தில் ஒரு மேசை அலுவலரை அவர் முழுதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இடைவேளையில் போன் என்பது அவருக்கு முதலில் எட்டியது. பிறகு, இடைவேளையிலிருந்தே எனக்குத் தெரியும் என்பது எட்டியது. அவர் முகம் மாறியது இரண்டாவதற்குத்தான்.

விசில். பந்து வெளியே. லோகேஷின் விரல் ஹாரன் பொத்தான்மேல். ஒன்பது நாற்காலியிலிருந்து எழுந்து கோட்டருகே போய் நின்றாள்.

கமிஷனர் லோகேஷின் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக இல்லை. லோகேஷ் பிறகு மணிக்கட்டைக் காட்டினார், சிவந்திருந்தது. மறு கையால் நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் வந்தார், அரங்க மருத்துவர் வந்தார். மருத்துவர் ஒன்பதின் முன்னால் நின்று ஒரே கேள்விதான் கேட்டார். இது எந்த ஊர்? அவள் தன் சொந்த ஊரின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்ன பெருமையோடு எங்களைப் பார்த்தாள்.

அவளை அழைத்துப் போனார்கள். பயிற்சியாளர் மருத்துவரை விட்டார், நடுவரை விட்டார், நேராக என்னிடம் வந்தார். ஆறடிக்கு மேல் இருப்பார். நான் சொன்னதுதான் காரணம் என்று யார் சொன்னார்களோ தெரியாது.

"நீ பார்த்தாயா? உன் கண்ணால் பார்த்தாயா?"

"இல்லை."

"பிறகு எப்படி? எங்கள் ஊரில் ஒரே ஒரு நல்ல தரைதான் இருக்கிறது, அதற்குக் கூரைகூட இல்லை. ஒன்பது வருடமாக இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் வந்தோம். நீ ஒரு கடிகாரக்காரன்!"

நடுவர் அவரை விலக்கினார். கடிகாரம் இருந்தது. பதினாலா, மிச்சமா என்று பார்த்தேன். மிச்சம், ஏழு. போட்டேன். சரியாகத்தான் போட்டேன்.

தீவு அணி அறுபத்தொன்று, எதிரணி அறுபத்துநாலு. அவர்கள் தரையில் உட்கார்ந்து அழுததை மேசையிலிருந்து பார்த்தேன். பந்து நின்றுவிட்டது, அதனால் பார்க்க முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் கமிஷனர் எங்கள் ஐவரையும் வீடியோ அறைக்கு அழைத்தார். ஐவர் என்றால் தன்னையும் சேர்த்துத்தான். நின்றுகொண்டே பார்த்தோம். இரண்டாம் கால் பகுதி, நான்கு நிமிடம் பத்து நொடி.

பந்து உருண்டு வருகிறது. ஒன்பது பாய்கிறாள். அவள் தலையின் இடது பக்கம் விளம்பரப் பலகையின் மூலையில் இடிக்கிறது. மேசை ஆடுகிறது. ஸ்டெல்லா சொன்னது அப்படியே. லோகேஷ் ஸ்கோர் தாளை அழுத்திப் பிடிக்கிறார். உதவியாளர் திரையைப் பிடிக்கிறார். வசந்தி கடிகாரப் பெட்டியைப் பிடிக்கிறாள். கமிஷனர் தன் பேனாக்களைப் பிடிக்கிறார். ஐந்து பேரின் கண்ணும் நடுவரின் விரலில். விசில் அடித்தால் முகத்தைப் பார்க்காதே, தரையைப் பார்க்காதே, நடுவரின் விரலைப் பார் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்வோம். உங்களில் பலருக்கு நானே சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தோம் என்று அங்கே தெரிந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் விடாமல் வருகிறது. ஒன்பது மல்லாந்து கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது. அவள் பார்ப்பது நேராக என்னை. எழுந்துகொள்ள ஒரு கையை மேலே நீட்டி, எதையாவது பிடிக்கத் தேடுகிறாள். அந்தக் கை மேசை விளிம்பில், என் பக்கத்தில் வந்து விழுகிறது. திரையில் இருக்கிற நான் அப்போதும் நடுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் இடது கை நகர்கிறது. என் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறது. அவள் கை பட்டுக் கவிழ்ந்து கருவியில் தண்ணீர் கொட்டிவிடாமல் அந்தப் பாட்டிலைத் தள்ளி வைக்கிறது. பிறகு பதினாலு போடுகிறது.

என் கைக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கை அங்கே வந்தது என் கைக்குத் தெரியும்.

"இன்னொரு தடவை" என்றேன். ஓட்டினார்கள். பாட்டில் நகர்ந்தது. "இன்னொரு தடவை."

"வேணாம் சார்" என்றாள் வசந்தி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

லோகேஷ்தான் கடைசியில் பேசினார், யாராவது பேச வேண்டுமே என்று. "நம்ம டேபிளுக்கு சீட் பெல்ட் போடணும் சார்." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

கமிஷனர் தன் பேனாக்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று தெரியும். "நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அவள் உள்ளே போயிருப்பாள். அதற்கு நன்றி. போனைப் பற்றி நான் எழுதித்தான் ஆக வேண்டும்" என்றார். "எழுதுங்கள்" என்றேன். "என் பேனாக்களைப் பற்றியும் எழுதுவேன்" என்றார். எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மருத்துவமனையில் மூளை அதிர்ச்சி என்றார்கள். ரத்தக்கசிவு இல்லை. அந்த இரண்டு நிமிடத்தில் இன்னொரு அடி பட்டிருந்தால் என்ற கேள்விக்கு மருத்துவர் கையை விரித்தாராம். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அணிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். மிச்ச ஆட்டங்களிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், என் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. லிஃப்டுக்கு முன்னால் ஒரு குட்டைப் பெண் பூப்போட்ட சட்டையோடு நின்றாள். வழி விட்டாள், நான் தலையாட்டிவிட்டு ஏறினேன். கதவு மூடுகிறபோது அவளுக்குப் பின்னால் அந்தப் பயிற்சியாளர் வந்து அவள் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். கையை லேசாக, இடுப்புயரத்துக்குத் தூக்கினார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது மாடி தாண்டிய பிறகுதான் உறைத்தது. அது ஒன்பது. முந்தின நாள் என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்டவள். எண் இல்லாமல் வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எனக்குக் கிடைத்த தண்டனையைப் பற்றிச் சிலர் ஆத்திரப்பட்டார்கள். வேண்டாம். போன் விதி சரியான விதி. மேசைக்கு வெளியிலிருந்து ஒருவன் காதில் ஓதலாம் என்று ஆகிவிட்டால் நாளைக்கு ஓதுகிறவள் ஸ்டெல்லாவாக இருக்க மாட்டாள். என்னை வாட்டுவது தண்டனை அல்ல. ஸ்டெல்லா சொன்னதற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவில் அந்தப் பெண் ஏழு நிமிடம் ஆடினாள். எனக்குத் தெரிந்து ஆடினாள். ஒரு கால்சட்டைக்காக ஆடினாள். இருபத்துநாலு நொடிக்கு மேல் யாரும் பந்தை வைத்திருக்கக் கூடாது என்று பார்ப்பதுதான் என் வேலை. நான் வைத்திருந்தேன்.

ஆகையால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. விரலைப் பாருங்கள், அதை விடாதீர்கள். ஆனால் மேசை ஆடினால் முதலில் கீழே பாருங்கள். என் இடத்தில் இறுதி ஆட்டத்துக்கு உட்கார்ந்தது வசந்தி. வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்தாள்.

"சார், ஒவ்வொரு தடவ கடிகாரத்த ரீசெட் பண்ணதுக்கு அப்புறமும் தரையப் பாத்துடலாம்னு இருக்கேன். லேட் ஆயிடுமா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை செகண்டு சார். வீட்டுல நாற்காலி போட்டு உக்காந்து பாத்தேன். எங்கம்மா பைத்தியம் பிடிச்சிடுச்சான்னு கேக்கறாங்க."

"பாரும்மா" என்றேன். "கமிஷனர் கேட்டா என் பேரச் சொல்லு."

"உங்க பேர வேற சொல்லணுமா சார்? அதான் ஏற்கெனவே நல்லா நாறியிருக்கே!" என்று சிரித்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு நானும் அப்போதுதான் சிரித்தேன்.

சனிக்கிழமை நான் வீட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிங்க. டிக்கெட் வாங்கிப் போய்ப் பாப்போம். நானும் ஒரு நாளாவது நேர்ல பாக்கறேன்" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் நான் கூடைப்பந்துக்கு டிக்கெட் வாங்கியதில்லை. மேல் கேலரியில் இடம் கிடைத்தது. புதுக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், கொடியில் சும்மா தொங்குவதற்கு இதாவது ஆகட்டும் என்று. ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டேன், யாரும் தடுக்கவில்லை.

பழக்கத்தில் கண் இருபத்துநாலு நொடிப் பலகைக்கே போனது. "அது தானா எண்ணிக்கும்ங்க, ஓடிப்போவாது" என்று ஸ்டெல்லா என் தாடையைப் பிடித்துக் கீழே திருப்பினாள். ஒரு பெண் ஓடும்போது நாக்கை உதட்டோரம் நீட்டிக்கொண்டு ஓடினாள். ஒருத்தி ஒவ்வொரு தடவையும் எறிவதற்கு முன் தன் இடது காதைத் தொட்டாள். ஒருத்தி தவறவிட்டபோதெல்லாம் சிரித்தாள். எனக்கு அவர்களில் ஒருவருடைய எண்ணும் இப்போது நினைவில்லை. மூன்றாம் கால் பகுதியில் ஒரு பெண் மேசைப் பக்கம் சறுக்கி விழுந்தாள். மேல் கேலரியிலிருந்து பார்த்தேன். வசந்தி பொத்தானை அழுத்தினாள், எழுந்து நின்றாள், மேசைக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தாள், கையை நீட்டினாள். அந்தப் பெண் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வசந்தி உட்கார்ந்தாள். கடிகாரம் சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் எனக்கு ஆன நஷ்டக் கணக்கு இது. நின்றுபோன மூன்று ஆட்டங்களின் ஊதியம் நாலாயிரத்து ஐந்நூறு. இரண்டு நாள் படி ஆயிரத்து நானூறு. கால்சட்டைத் துணியும் தையலும் ஆயிரத்து நானூற்று ஐம்பது. கேலரி டிக்கெட் இரண்டு, அறுநூறு. மழை என்று சொல்லி ஆட்டோக்காரர் போக வர வாங்கியது முந்நூற்று எண்பது. மொத்தம் எட்டாயிரத்து முந்நூற்று முப்பது ரூபாய்.